மிஸ் ரிட்லியின் வயது

டார்கஸ் ரிட்லிக்கு முப்பத்துநாலு வயது நடந்துகொண்டிருந்தபோது, லீட்ஸ் நகரத்து மாடி அறை ஒன்றில், ஐந்தே நிமிடத்தில் ஆறு வயது குறைந்தது. குறைத்தவள் மிஸஸ் ஹாப்கட். பெரிய வீடுகளுக்கு வீட்டு மிஸ் பிடித்துக்கொடுப்பது அவள் தொழில். வீட்டோடு தங்கி, அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் பியானோவும் பூகோளமும் நல்லொழுக்கமும் சொல்லித்தர ஒருத்தி வேண்டுமென்றால், யார்க்‌ஷரில் பாதி வீட்டுக்காரிகள் இவளுக்குத்தான் எழுதிப் போடுவார்கள்.

“வயசு?”

“முப்பத்துநாலு.”

மிஸஸ் ஹாப்கட் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏம்மா, பாதிரியார் பொண்ணுங்கறே. மூணு பாஷை தெரியுங்கறே. இது தெரியலையே உனக்கு? முப்பத்துநாலு வயசுக்காரிய எவ சேத்துப்பா? முப்பது தாண்டினா சிடுசிடுன்னு விழுவா, முட்டி வலிக்கும்பா, பிள்ளைங்க பின்னால ஓடமாட்டான்னு அவளுகளுக்கு ஒரு நெனப்பு.”

“ஆனா எனக்கு முப்பத்துநாலுதானே?”

“எனக்குந்தான் அம்பது. நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரியறேன்? இங்க வர்ற எல்லாருமே இருபத்தெட்டுதாம்மா. எட்டு வருஷமா இருபத்தெட்டுலயே நிக்கிறவ ஒருத்தி எங்கிட்ட இருக்கா. நல்லாத்தான் இருக்கா, ஒரு கொறையும் இல்ல.”

டார்கஸ் கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள். ஹாவ்ஸ்பி என்கிற மலையடிவார ஊரில் அவள் அப்பா சின்னப் பாதிரியாராக இருந்து, கடனில்லாமல் செத்தார் என்பதைத் தவிர வேறு எந்தப் பெருமையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தவர். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டும். தம்பி ராபர்ட்டின் படிப்பு காசில்லாமல் நின்று நின்று, இன்னும் முடிந்தபாடில்லை. முதல் வீட்டில், எல்வின் குடும்பத்தில், பன்னிரண்டு வருஷம் இருந்தாயிற்று. அந்த வீட்டுப் பெண் ஹெட்டிக்குப் பதினெட்டு வயதாகி, நடன விருந்துகளுக்குப் போகத் தொடங்கியதும் மிஸ்ஸுக்கு வேலை முடிந்துபோனது. அதற்கப்புறம் ஏழு மாதமாக எந்த வீடும் கூப்பிடவில்லை.

“இருபத்தெட்டு,” என்றாள் டார்கஸ்.

“அப்படிச் சொல்லு. பாரு, மொகமே தெளிஞ்சுபோச்சு,” என்று மிஸஸ் ஹாப்கட் எழுதிக்கொண்டாள்.

யாரும் சான்று கேட்கவில்லை. ஒரு பெண்ணிடம் வயதுக்குச் சான்று கேட்பது அநாகரிகம் என்று எங்கள் சீமாட்டிகளுக்குத் தெரியும். வயதைக் கேட்பது மட்டும் அநாகரிகமாக அவர்களுக்குத் தோன்றியதில்லை.

ஒருமுறை குறைத்தது குறைத்ததோடு நின்றால் சரி. பிராட்ஃபோர்டு மில் முதலாளி வீட்டில் எட்டு வருஷம் கழிந்து வெளியே வந்தபோது, நிஜக் கணக்கில் அவளுக்கு நாற்பத்திரண்டு. பொய்க் கணக்கிலேயே முப்பத்தாறு ஆகிவிட்டது, அதுவும் வேலைக்கு ஆகாத வயதுதான். ஆகவே முப்பத்துநாலு என்றாள். அடுத்து ஹாரகேட்டில் ஒரு டாக்டர் வீடு. அங்கேயும் எட்டு வருஷம். அங்கிருந்து கிளம்பும்போது ஐம்பது முடிந்திருந்தது. முன்நெற்றியில் ஒரு சுருட்டைச் சவுரியைப் பொருத்தி, மேலே தொப்பியை இறக்கிக் கட்டிக்கொண்டு, ஹல் துறைமுகத்து ஒயின் வியாபாரி க்ராடக் வீட்டுக்குப் போய், முப்பத்தொன்பது என்றாள். மிஸஸ் க்ராடக் நல்ல மனுஷி. ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பாவம், ரொம்பக் கஷ்டப்பட்ட ஜீவன் போலிருக்கிறது என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டாள்.

வயதைக் குறைப்பவளுக்குத்தான் அதன் அவஸ்தை தெரியும். வெறும் எண்ணை மாற்றிச் சொன்னால் போதாது. அதற்கேற்றபடி வாழ்க்கையையே மாற்றி அடுக்க வேண்டும். வாட்டர்லூ யுத்தத்தில் ஜெயித்த சேதி வந்த அன்று ஹாவ்ஸ்பி மலைமேல் சொக்கப்பனை கொளுத்தினார்கள். பதினொரு வயது டார்கஸ் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணில் புகை பட்டு அழுதாள். அவள் வாழ்க்கையில் பார்த்த ஒரே கோலாகலம் அதுதான். க்ராடக் வீட்டில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அந்தச் சொக்கப்பனைப் பேச்சு வந்தது. “எங்க ஊர்லயும்...” என்று வாயெடுத்தவள், பொய்க் கணக்கில் தான் அப்போது கைக்குழந்தை என்று ஞாபகம் வந்து, “...கொளுத்தினாங்கன்னு அப்பா சொல்லுவார்” என்று முடித்தாள். சொந்தக் கண்ணால் பார்த்ததை அடுத்தவர் சொல்லிக் கேட்டதாகச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று முதல் அந்த நெருப்பே அவளுடையதில்லை என்று ஆகிவிட்டது.

அதைவிடக் கொடுமை ராபர்ட் விஷயம். அவன் படித்து முடித்து, கல்யாணம் செய்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று, அக்காளின் சேமிப்பையெல்லாம் கரைத்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டான். பத்திரிகையில் வந்த சாவுச் செய்தியை மிஸஸ் க்ராடக்தான் எடுத்துக்கொண்டு பாடசாலை அறைக்கு வந்தாள்.

“ஐயோ மிஸ் ரிட்லி, நாப்பத்தாறுன்னு போட்டிருக்கே. உங்க அண்ணனா?”

இவள் தூக்கி வளர்த்த பிள்ளை. இவளைவிட ஐந்து வயது இளையவன். இவள் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவான்.

“ஆமா மேடம், அண்ணன்தான்,” என்றாள் டார்கஸ். அன்றைக்கு அவளுக்கு அழக்கூடச் சரியாக வரவில்லை. தம்பிக்கு அழுவது ஒரு மாதிரி, அண்ணனுக்கு அழுவது வேறு மாதிரி. எதை அழுவது என்று தெரியாமல் கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

க்ராடக் வீட்டில் இருந்த ஆறு வருஷத்தில் கண் மங்கியது. பிள்ளைகளின் தையலில் பிசகு தெரியவில்லை, நோட்டில் எழுத்துப்பிழை தெரியவில்லை. பியானோவில் பாட்டுப் புத்தகம் வெறும் சாம்பல் கோடுகளாகத் தெரிந்தது. மிஸஸ் க்ராடக் மிகவும் வருத்தப்பட்டு, நல்லதாக ஒரு சால்வை கொடுத்து அனுப்பிவைத்தாள்.

ஆக, ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றாம் வருஷத்து வசந்த காலத்தில், நிஜமாகவே ஐம்பத்தேழு வயதில், டார்கஸ் ரிட்லி எங்கள் யார்க் நகரத்தில், ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தாள். கைவசம் இருந்தது மிஞ்சிப்போனால் இலையுதிர் காலம் வரை ஓடும். அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் கீழே ரொட்டி வேகும் வாசனை வந்து யோசனையைக் கெடுக்கும்.

வீட்டுக்காரி மிஸஸ் மெட்காஃப் ரொட்டிக்காரனின் விதவை. வாய் நீளம், கை தாராளம். ஒருநாள் ரொட்டி சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளோடு மாடிக்கு வந்தாள்.

“மிஸ், இதப் பாருங்க. லண்டன்ல ஒரு சங்கமாம். உங்கள மாதிரி வயசான வீட்டு மிஸ்ஸுங்களுக்கு ஆயுசு பூரா வருஷாவருஷம் ஒரு தொகை குடுக்கறாங்களாம். அம்பது முடிஞ்சிருக்கணுமாம்.”

டார்கஸ் தாளைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். அந்தத் தொகை கிடைத்தால் இந்த அறை சாகும்வரை அவளுடையது. அடுத்தவர் வீட்டுப் பாடசாலை அறையில், அடுத்தவர் தட்டில், தனியாகச் சாப்பிட்டே முப்பத்துநாலு வருஷம் கழித்தவள் அவள். வேலைக்காரர்கள் இவளைத் துரைசாணி என்று ஒதுக்குவார்கள், துரைசாணிகள் இவளை வேலைக்காரி என்று ஒதுக்குவார்கள். அந்த இரண்டும் கெட்டான் பிழைப்பு முடிந்து, கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் மணியடித்துக் கூப்பிடாத ஓர் அறை. அதைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறு ஆசை இல்லை.

“இதுல ஓட்டுன்னு ஏதோ போட்டிருக்கே, அது என்ன?” என்றாள் மிஸஸ் மெட்காஃப்.

“சங்கத்துக்குப் பணம் தர்றவங்களுக்கெல்லாம் ஓட்டு உண்டு. விண்ணப்பிச்சவங்க பேரு, அவங்க கஷ்டம் எல்லாத்தையும் அச்சடிச்சு அனுப்புவாங்க. அதப் படிச்சிட்டு யாருக்குன்னு ஓட்டுப் போடுவாங்க.”

“கஷ்டத்துக்கு ஓட்டா? எவ ரொம்பப் பாவம்னு போட்டியா? நல்லாருக்கே கூத்து! சரி, எழுதுங்க மிஸ். பெருசாவே எழுதுங்க. கண்ணு தெரியல. இருமல் வேற.”

“எனக்கு இருமல் இல்லையே மிஸஸ் மெட்காஃப்.”

“வந்துட்டுப் போவுது. பக்கவாதக்காரி ஒருத்தி எதுக்க நின்னா நம்ம கண்ணு எடுபடுமா?”

“இல்லாத நோயை எழுத மாட்டேன்,” என்றாள் டார்கஸ். குரலில் பழைய பாடசாலைக் கண்டிப்பு இருந்தது. சிரிப்புத்தான் வருகிறது. வயது ஒன்றைத் தவிர, அவள் வாயிலிருந்து பொய் வந்து யாரும் பார்த்ததில்லை. வயதைக்கூட அவள் பொய் என்று நினைக்கவில்லை. தொப்பி, சவுரி, கையுறை மாதிரி, வேலைக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளும் ஒன்று அது.

விண்ணப்பத்துக்கு மூன்று காகிதங்கள் வேண்டும். ஞானஸ்நானப் பதிவின் நகல், கடைசியாக வேலை பார்த்த வீட்டாரின் கடிதம், உள்ளூரில் சங்கத்தின் சார்பில் இருப்பவரின் கையெழுத்து. நகலுக்கு ஹாவ்ஸ்பிக்கு எழுதினாள். அப்பா தன் கையாலேயே எழுதிய வரி அது. புதிய பாதிரியார் பிழையில்லாமல் பிரதி எடுத்து அனுப்பினார். வயது ஐம்பத்தேழு என்பது கல்லில் வெட்டினாற்போல இருந்தது. கடிதத்துக்கு மிஸஸ் க்ராடக்குக்கு எழுதினாள். கடிதத்தை நேராக யார்க் பிரதிநிதிக்கே அனுப்பிவிடுவதாகப் பதில் வந்தது. அந்தப் பிரதிநிதியின் பெயரைப் பார்த்ததும் டார்கஸ் கடிதத்தோடு கீழே மிஸஸ் மெட்காஃபிடம் ஓடினாள். மிஸஸ் மெரிக். கல்யாணத்துக்கு முன் ஹென்ரியட்டா எல்வின். அவளுடைய ஹெட்டி!

“அப்புறம் என்ன மிஸ்? நீங்க ஏபிசிடி சொல்லிக்குடுத்த பொண்ணு. ஓட்டெல்லாம் அவளே வாங்கிக் குடுத்துடுவா,” என்று மிஸஸ் மெட்காஃப் அன்று பெரிய பன்னாக ஒன்று தேநீரோடு கொண்டுவந்து வைத்தாள். டார்கஸ் அதில் பாதியை மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தாள். எதையும் முழுதாக அனுபவிக்க அவளுக்குப் பழக்கமில்லை.

ஹெட்டியின் வீடு ஆற்றோரம், நிழல் மரங்களுக்கு நடுவே இருந்தது. டார்கஸைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தொரு வயதில் கனத்திருந்தாள். கண் மட்டும் அதே ஆறு வயதுப் பெண்ணின் கண்.

“வணக்கம் மேடம்,” என்றாள் டார்கஸ்.

“மேடமா! உதை வாங்குவீங்க மிஸ். ஹெட்டின்னு கூப்பிடுங்க. உக்காருங்க, இப்படி என் பக்கத்துல.”

வரவேற்பறையின் நல்ல நாற்காலியில், தங்கக் கரை போட்ட கோப்பையில் டார்கஸ் தேநீர் குடித்தாள். ஹெட்டி பழைய கதைகளைச் சொல்லிச் சிரித்தாள். பாரிஸுக்குப் போனபோது தன் பிரெஞ்சைக் கேட்டு ஒரு கிழட்டுப் பிரபு அசந்துபோனதைச் சொன்னாள். “எல்லாம் நீங்க போட்ட பிச்சை மிஸ்” என்றாள். பிறகு ஹெட்டி காகிதங்களை எடுத்தாள்.

“ஒரு சின்னக் குழப்பம் மிஸ். ஞானஸ்நான நகல்ல அம்பத்தேழு வருது. எனக்கு அது சரின்னு தெரியும். நீங்க முதல்முதலா வந்தப்ப நான் உங்க மடியில ஏறி உக்காந்து வயசு கேட்டேன், இருபத்திரண்டுன்னு சொன்னீங்க. கணக்கு ஒத்துப்போகுது. ஆனா மிஸஸ் க்ராடக் ரொம்ப நல்லவிதமா எழுதிட்டு, கடைசில இப்படி எழுதியிருக்காங்க: ‘ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் வந்தபோது தனக்கு முப்பத்தொன்பது என்று அவரே சொன்னார். பார்வைக்கு மூத்துத் தெரிந்தாலும், உழைப்பில் குறை வைத்ததில்லை. இன்னும் ஐம்பது ஆகாவிட்டாலும், சங்கம் விதியைக் கொஞ்சம் தளர்த்தி அவருக்கு இரங்க வேண்டும்.’ அப்படிப் பாத்தா உங்களுக்கு இப்ப நாப்பத்தாறுதான் ஆகுது! பாவம், அந்தம்மாவுக்கு வயசாயிருச்சு, ஏதோ தப்பா ஞாபகம் வச்சுக்கிட்டு எழுதிட்டாங்க. அப்படித்தானே?”

ஒரு ‘ஆமாம்’ போதும். ஹெட்டியே பாதையைப் போட்டு, விளக்கையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமாம், தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சொன்னால் மிஸஸ் க்ராடக்குக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆயுசு முழுக்க ஓர் அறை கிடைக்கும். டார்கஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். மிஸஸ் ஹாப்கட்டிடம் சொல்ல முடிந்தது, மில் முதலாளியிடம், டாக்டரிடம், ஒயின் வியாபாரியிடமெல்லாம் நாக்குக் கூசாமல் சொல்ல முடிந்தது. இந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. இந்தப் பெண்ணிடம் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இந்த உலகத்தில் அவளுடைய நிஜ வயதை அறிந்தவள் இவள் ஒருத்திதான்.

“இல்ல ஹெட்டி,” என்றாள். “அந்தம்மா சரியாத்தான் எழுதியிருக்காங்க. நான்தான் அப்படிச் சொன்னேன்.”

“புரியல மிஸ்.”

“வயசைக் குறைச்சுச் சொன்னேன். அங்க மட்டுமில்ல. உங்க வீட்டுக்கப்புறம் மூணு வீட்லயும்.”

“பொய்யா?”

“வேலை கிடைக்கல ஹெட்டி. முப்பது தாண்டினா யாரும் சேக்கல.”

ஹெட்டி காகிதங்களை மடிமேல் வைத்தாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் டார்கஸ் பிழைத்திருப்பாள்.

“மிஸ், வயசுக்கு நான் சாட்சி சொல்லிடுவேன். அது உண்மை. ஆனா கீழ இன்னொரு வரி இருக்கு பாருங்க. ‘விண்ணப்பதாரர் எந்நாளும் வாய்மை தவறாதவர் என்பதை நான் அறிவேன்.’ இதுக்குத்தான் என் கையெழுத்து. இப்ப நீங்களே சொன்னதுக்கப்புறம் நான் எப்படி மிஸ் கையெழுத்துப் போடறது?”

“ஒரு எண்ணுதானே ஹெட்டி. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?”

“ஒன்பது வயசுல நான் பியானோ அரை மணி நேரந்தான் வாசிச்சேன், ஒரு மணி நேரம்னு சொன்னேன். அதுவும் ஒரு எண்ணுதான். ‘பொய் சொன்னேன்’னு அட்டையில எழுதி என் கழுத்துல மாட்டி, அப்பா சாப்பிடற நேரம் முழுக்க அவர் எதுக்கவே நிக்க வச்சீங்க. நான் அழுதப்ப நீங்களும் அழுதீங்க. சின்னப் பொய், பெரிய பொய்னு தனித்தனியா கிடையாதுன்னு சொன்னீங்க. இன்னிக்கு வரைக்கும் நான் ஒரு பொய் சொன்னதில்ல மிஸ். எம் புருஷங்கிட்டகூட. உங்களாலதான்.”

டார்கஸுக்கு முதலில் வந்தது வெட்கம். உடனே பின்னாலேயே வந்தது கோபம். அரை மணி நேரத்தை ஒரு மணி நேரம் என்று சொன்ன பிள்ளைக்கு அன்று ராத்திரி வான்கோழிக் கறி பரிமாறப்பட்டது. பசியைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கு வாய்மை எவ்வளவு சுலபமாக வருகிறது! இதையெல்லாம் கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்த அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிய கை இவளுடையது.

“உங்களை நான் விட்டுடமாட்டேன் மிஸ்,” என்று ஹெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “பன்றித் தொடை ஒண்ணு கட்டித் தரச் சொல்றேன். எங்கிட்ட நல்ல கறுப்புப் பட்டு கவுன் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் பிடிச்சுத் தைச்சா உங்களுக்குச் சரியா இருக்கும்.”

முன்கூடத்தில் மாடிப்படி இறங்கிவந்த ஒரு பெண் இவர்களைப் பார்த்து ஒதுங்கி நின்றாள். சாம்பல் கவுன், கையில் பாடநோட்டுகள். ஹெட்டியின் பிள்ளைகளுக்கு வாய்த்த மிஸ்.

“மிஸ் டன், நீங்க மேல போய்ச் சின்னவளப் பாருங்க,” என்று அனுப்பிவிட்டு, ஹெட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நல்லா சுறுசுறுப்பு. இருபத்தாறு வயசு. முப்பதுக்கு மேல வேணவே வேணாம்னு நான் கண்டிப்பாச் சொல்லித்தான் எடுத்தேன். பிள்ளைங்களோட ஓடியாடணுமே.”

டார்கஸ் மங்கலான கண்ணால் அந்தப் பெண் படியேறுவதைப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்து, வலது முட்டியைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்து வைத்து ஏறினாள். இருபத்தாறாம்! முப்பத்துமூன்றுக்கு ஒரு நாள் குறையாது. படியின் திருப்பத்தில் அந்தப் பெண் நின்று கீழே பார்த்தாள். டார்கஸ் தன்னைக் கண்டுகொண்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் வெளிறிப்போனது.

“முப்பது ஆனதும் அவங்க என்ன செய்வாங்க ஹெட்டி?”

“அதெல்லாம் அவங்க ஏதாவது பாத்துப்பாங்க மிஸ். நல்ல பொண்ணாத்தானே தெரியுது உங்களுக்கு?”

“ரொம்ப நல்ல பொண்ணு மேடம்,” என்று சொல்லிவிட்டு டார்கஸ் வெளியே வந்தாள். அவள் மறுபடி மேடம் என்றதை ஹெட்டி கவனித்ததாகத் தெரியவில்லை.

பன்றித் தொடை வந்தது. கவுனும் வந்தது. சங்கத்திலிருந்து, உள்ளூர்ப் பிரதிநிதியின் கையெழுத்து இல்லாததால் விண்ணப்பத்தைப் பட்டியலில் சேர்க்க இயலவில்லை என்று அச்சடித்த தாள் ஒன்றும் வந்தது.

“ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றதுக்கென்ன உங்களுக்கு?” என்று மிஸஸ் மெட்காஃப் தலையில் அடித்துக்கொண்டாள். “இருபது வருஷத்துக்கு மேல ஊரையே ஏமாத்தத் தெரிஞ்சுது. நெசமாவே தேவப்படற அன்னிக்கு ஏமாத்தத் தெரியலையே! இதுக்கா அவ்ளோ படிப்பு?”

அதே கேள்வியை டார்கஸே படுக்கையில் கிடந்து தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கோடையில் ஒருமுறை லீட்ஸுக்குப் போனாள். மிஸஸ் ஹாப்கட் செத்துப் பல வருஷமாகிவிட்டது. அந்த மேஜைக்குப் பின்னால் அவள் மருமகள் உட்கார்ந்திருந்தாள். டார்கஸ் சவுரியைச் சரிசெய்துகொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

“வாங்கம்மா. யாருக்கு வேலை, உங்க மகளுக்கா?” என்றாள் அவள், மரியாதையாகத்தான்.

டார்கஸ் தவறான வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தாள். அடுத்த ரயிலில் யார்க்குக்குத் திரும்பினாள். வழி முழுவதும் சவுரியை மடியில் வைத்துக்கொண்டு, பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

பிறகு இறக்கம்தான். பட்டுக் கவுன் போனது, சால்வை போனது. பிரெஞ்சு அகராதியையும் விற்க வேண்டியதாயிற்று. மிஸஸ் மெட்காஃப் வாடகை கேட்பதை நிறுத்தினாள். அவளுக்கும் அக்டோபரில் கடையை மகன் பெயருக்கு எழுதிக்கொடுக்க வேண்டிவந்தது. மகனுக்கு மாடி அறை வேண்டியிருந்தது. “நான் என்ன செய்யட்டும் மிஸ், எங்கைல ஒண்ணும் இல்ல,” என்று அவள் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். டார்கஸ்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் ஒரே ஒரு துணிப்பையோடு, ஊருக்கு வெளியே இருக்கும் ஏழைவிடுதிக்கு நடந்து போனாள்.

ஏழைவிடுதியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. போக்கற்றவர்களை ஊர்ப் பொதுச் செலவில் அடைத்துவைக்கும் இடம். உள்ளே போனால் சொந்தத் துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டு கோடு போட்ட கவுனைக் கொடுப்பார்கள். பாதிரியார் வீட்டுப் பெண் அங்கே போய் வரிசையில் நின்றாள் என்றால், அப்பா உயிரோடு இருந்திருந்தால் அன்றே போயிருப்பார்.

வரிசையில் முன்னால் நின்ற பல்லில்லாத கிழவி திரும்பி இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“புதுசா? பாத்தா பெரிய எடத்து மனுஷியாட்டம் இருக்கே.”

“பாடம் சொல்லித்தந்துக்கிட்டிருந்தேன்.”

“அப்ப விவரந் தெரிஞ்சவதான். இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அறுவது முடிஞ்சிருந்தா கெழடுங்க கூடத்துல போடுவாங்க. காலையில டீ உண்டு, சக்கரையோட. ஞாயித்துக்கெழமை வெண்ண. அறுவது ஆவலன்னா வெறுங்கஞ்சிதான். துணி தொவைக்கிற கொட்டடியில தள்ளிடுவானுங்க, நாள் பூரா சுடுதண்ணில கை வெந்துரும். ஒனக்கு அறுவது ஆயிருக்குமில்ல?”

டார்கஸ் பையைத் தொட்டுப் பார்த்தாள். துணிப்பைக்குள் ஞானஸ்நான நகல் மடித்தபடி இருந்தது. அதைக் காட்டினால் துவைக்கிற கொட்டடி. மூன்று வருஷம். இந்தக் கண்ணையும் இந்தக் கையையும் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அவள் தாங்கமாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

வரிசை நகர்ந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா இளைஞர், ஜலதோஷக்காரர். மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுதினார்.

“பேரு?”

“டார்கஸ் ரிட்லி.”

“புருஷன்?”

“கல்யாணம் ஆகல.”

“தொழில்?”

“வீட்டு மிஸ்.”

“வயசு?”

டார்கஸ் துணிப்பையின் வாயைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அறுபத்திரண்டு,” என்றாள்.

வாழ்நாள் முழுக்க வயதைச் சொன்ன போதெல்லாம், எதிரே இருந்தவர்கள் ஒரு நொடியாவது சந்தேகமாக அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு அவள் பழகியிருந்தாள், அதற்குப் பயந்தும் இருந்தாள். இப்போதும் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு கணத்தில் டார்கஸுக்குத் தன்னையறியாமல் ஓர் ஆசை வந்தது. என்னம்மா, அவ்வளவெல்லாம் இருக்காதே என்று இந்த மனுஷன் சொல்லிவிட மாட்டானா? டீ போனால் போகட்டும், சர்க்கரை போனால் போகட்டும், ஒரே ஒருவர் சொல்லிவிட மாட்டாரா?

அவர் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறுபத்திரண்டு என்று எழுதினார். ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.